கோயில் உண்டியலில் அரசுக்கு என்ன வேலை?

(திரை: அல்சூர் சோமேஸ்வரர் கோயில் ராஜகோபுரம், பிரதோஷக் கூட்டம்)

வணக்கம். பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயில். பிரதோஷ வரிசையில் தமிழும் கன்னடமும் கலந்துதான் காதில் விழும். ஊரில் அறநிலையத் துறை என்போமே, அதற்கு இங்கே முஜராய் இலாகா என்று பெயர். கர்நாடகத்தில் 34,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் அதன் கீழ் வருகின்றன.

"நாம போடுற காசு கவர்மெண்டுக்குத்தானே போகுது?" என்று அலுத்துக்கொள்ளாத ஆள் இல்லை. அதைப் பார்த்துவிடுவோம்.

(திரை: உண்டியல் எண்ணும் காட்சி)

அதிகாரிகள், கோயில் கமிட்டியினர் முன்னிலையில் சீல் உடைபடுகிறது. மேலே சிசிடிவி. ஜமுக்காளத்தில் கொட்டிப் பத்து, இருபது, ஐந்நூறு என்று பிரிக்கிறார்கள். சில்லறை தனிக் குவியல். நடுவே வேண்டுதல் சீட்டு வரும், செல்லாத பழைய ஆயிரம் ரூபாய் நோட்டும் வரும். எண்ணி முடித்த பணம் கோயில் பேரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது, அரசு கஜானாவுக்கு அல்ல. ஆனால் அந்தக் கணக்கை எப்படிச் செலவழிப்பது என்பதில் இலாகாவின் கை இருக்கிறது. சண்டையே அங்கேதான்.

அரசியலமைப்பின் 26-வது பிரிவு தரும் உரிமைகளில் இரண்டு இங்கே முக்கியம். மத விஷயங்களை அந்தந்தச் சமயப் பிரிவே நடத்திக்கொள்ளலாம். சொத்தையும் அதுவே நிர்வகிக்கலாம், ஆனால் சட்டப்படி. அந்த "சட்டப்படி" என்ற இடத்தில்தான் அரசு உள்ளே வருகிறது.

(திரை: உடுப்பி கிருஷ்ணர் கோயில்)

இதை முதலில் பெரிதாகச் சோதித்தது உடுப்பியின் ஷிரூர் மடம். அன்றைக்கு உடுப்பி சென்னை மாகாணத்தில் இருந்தது. ஷிரூர் உட்பட எட்டு மடங்கள் இரண்டிரண்டு ஆண்டு முறை வைத்துக் கிருஷ்ணர் பூஜையை நடத்தும். அதற்குப் பரியாயம் என்று பெயர். அந்தச் செலவில் ஷிரூர் மடம் கடனில் விழுந்தது. நிர்வாகத்துக்குத் தானே திட்டம் வகுக்கிறேன் என்று அன்றைய அறநிலைய வாரியம் வந்தது. மடாதிபதி வழக்குப் போட்டார். 1954-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் சொன்னது: எது மதத்தின் இன்றியமையாத பகுதி என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே பார்க்க வேண்டும். சொத்து நிர்வாகத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம், முழுதாகப் பிடுங்கிக்கொள்ள முடியாது. வருமானத்தில் 5% வரை துறை வாங்கிய தொகையும் செல்லாது என்றார்கள். செய்த சேவைக்குக் கட்டணம் என்றால் சரி. இது வரி போல இருக்கிறது என்பது காரணம்.

பணத்தைத் தனி நிதியாக வைத்துக் கோயில்களுக்கே செலவழிக்கிறோம் என்று அரசுகள் வாதாடுவது இதனால்தான். கர்நாடகத்தின் 1997 சட்டத்திலும் பொது நிதி உண்டு. பெரிய கோயில் தரும் பங்கு சின்னக் கோயில்களுக்குப் போகும். 2024 பிப்ரவரியில் அந்தப் பங்கை மாற்ற மசோதா வந்தது: 10 லட்சம் முதல் 1 கோடி வரை வருமானமுள்ள கோயிலுக்கு 5%, அதற்கு மேல் 10%. மேலவையில் ஒரு தடவை தோற்கவும் செய்தது. "கோயில் பணத்தைச் சுரண்டுகிறார்கள்" என்று எதிர்க்கட்சியின் கூச்சல், "பூசாரிகளுக்குத்தானே செலவழிக்கிறோம்" என்று அரசின் பதில். வாட்ஸ்அப்பில் வந்த எதிலும் பொது நிதி என்ற வார்த்தையே இல்லை, அது வேறு கதை.

சரி, சர்ச்சுக்கு ஏன் இப்படி ஒரு இலாகா இல்லை? கேள்வி நியாயமானதுதான். வக்ஃப் சொத்துக்கு வாரியம் இருக்கிறது, சீக்கிய குருத்வாராக்களுக்கு 1925 சட்டம் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பது உண்மை.

என் கருத்து: தணிக்கை இருக்கட்டும். லட்சக்கணக்கில் காசு புழங்கும் இடத்தில் கணக்குக் கேட்க ஆள் வேண்டும். எனக்குப் பயம், வந்த அதிகாரி திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிடுவது. 2014-ல் சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: முறைகேட்டைச் சரிசெய்யவே அரசு நிர்வாகத்தை எடுக்கலாம், சரியானதும் திருப்பித் தர வேண்டும்.

(திரை: கோயில் அறிவிப்புப் பலகை)

அப்புறம் ஒரு விஷயம். முஜராய் கோயில்களில் வியவஸ்தாபனா சமிதி என்ற நிர்வாகக் கமிட்டி உண்டு. அதில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இடம் உண்டு. விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு ஒட்டினால் பக்தர்களும் போடலாம். அறிவிப்பு கன்னடத்தில் இருக்கும். படிக்க வராவிட்டால் இங்கே பள்ளிக்கூடம் போகும் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், கடகடவென்று வாசித்துவிடும்.