மக்கும் பை ஊட்டிக் குளிரில் மக்குமா?

வியாபாரிகளுக்கும், தாய்மார்களுக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

2019 ஜனவரி முதல் தேதி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை வந்தது. நீலகிரியில் அதற்குப் பல வருஷம் முன்பே கெடுபிடி உண்டு. அப்புறம்தான் கடைகளில் இந்த 'மக்கும் பை' நுழைந்தது. மக்கும் என்று அச்சடித்திருக்கிறதே என்று ஓடையில் வீசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்று பேச வந்தேன்.

இந்தப் பைகளில் சோளம், கரும்பிலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் கொஞ்சம் இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து வரும், ஆனால் மக்கக்கூடிய பிபிஏடி என்ற பிளாஸ்டிக்தான் பெரும்பாலும் அதிகம். இதற்கான ஐஎஸ்ஓ 17088 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் பை இருப்பது சுமார் 58 டிகிரிச் சூட்டில். ஈரமும் காற்றும் அளவாகக் கொடுத்து, 180 நாளுக்குள் அதிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். நாம் இருப்பதோ 2,240 மீட்டர் உயரத்தில். ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி. தோசை மாவு புளிக்கவே பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்துகிறோம், ஓடையில் கிடக்கும் பையை நுண்ணுயிர்கள் எப்படித் தின்று முடிக்கும்? சாம்பார் வாசனைக்கு அதைக் காட்டுமாடு விழுங்கினாலும் இதே கதைதான். மாட்டு வயிற்றில் 58 டிகிரி கிடையாது.

சரி, குப்பைக் கிடங்கில் கொட்டினால்? அடியில் காற்று இல்லாமல் அமுங்கிக் கிடக்கும். அங்கே மக்கினால் வருவது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு. தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுத்தால் மறுசுழற்சிச் சரக்கும் கெடும்.

வழி இல்லாமல் இல்லை. மார்க்கெட்டில் தினமும் கேரட் தழை, முட்டைக்கோஸ் இலை மலைபோலக் குவிகிறது. அதோடு சாணமும் காய்ந்த சருகும் கலந்து ஆள் மார்பளவுக்குக் குவித்தால், வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளே 55 டிகிரியைத் தாண்டும். கிளறும்போது ஆவி பறப்பதைப் பார்த்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். பையைத் துண்டு துண்டாக நறுக்கி அந்தக் குவியலின் நடுவில் போட வேண்டும். சூடு இறங்கினால் புரட்ட வேண்டும். வீட்டுத் தோட்டத்துச் சின்னக் குழியில் அந்தச் சூடு நிற்காது, அங்கே காய்கறித் தோல் மட்டும் போதும். உரக்கிடங்கில் இந்தப் பையை வாங்குகிறார்களா என்று கேட்காமல் பச்சைத் தொட்டியில் போடாதீர்கள், தனியாகக் கட்டிக் கொடுங்கள்.

வியாபாரிகள் சரக்கு எடுக்கும்போது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழைக் கேளுங்கள். பையில் தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண பாலித்தீனில் உலோக உப்பைக் கலந்து மக்கும் என்று விற்கிற சரக்கும் சுற்றுகிறது. அது வெயிலில் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாக மண்ணில் தங்கிவிடும். என்னைக் கேட்டால் பாலித்தீனைவிட அதுதான் மோசம். பாலித்தீனையாவது குனிந்து பொறுக்கலாம்.

சான்றிதழைக் காட்ட மறுக்கிற ஏஜென்ட்டின் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். மஞ்சப்பையோடு வரும் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுங்கள், அடுத்த வாரமும் பையோடு வருவார்.