பகிடிக்குச் செய்த விளம்பரம், 23 வருடத்தில் கடைக்கு வந்த கதை

(திரையில்: மூன்று பிளேட் ரேசர் ஒன்று, மிக நெருக்கத்தில். பின்னணியில் சிரிப்புச் சத்தம்.)

1975 ஒக்டோபர் 11. அமெரிக்காவில் ‘சற்றர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி முதன்முதலாக ஒளிபரப்பாகிறது. நடுவில் ஒரு பொய் விளம்பரம் போடுகிறார்கள். மூன்று பிளேட் வைத்த சவர ரேசராம்! அந்தக் காலத்தில் இரண்டு பிளேட் ரேசரே புதுசு. 1971இல்தான் ஜில்லெட் அதைக் கொண்டுவந்திருந்தது. ‘இரண்டு போதாதா, மூன்றா? நீங்கள் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆட்கள்தானே, வாங்குங்கள்’ என்பதுதான் அந்தப் பகிடியின் சாரம்.

சரி, இப்போது 1998க்கு வாருங்கள். அதே ஜில்லெட் கம்பனி மூன்று பிளேட் ரேசரை மெய்யாகவே கடைக்குக் கொண்டுவருகிறது. பெயர் மாக் 3. அதைச் செய்து முடிக்கச் சுமார் 750 மில்லியன் டொலர் செலவானதாக அப்போது செய்திகள் வந்தன. பகிடி விட்டவர்கள் இதே யோசனையை 23 வருடத்துக்கு முன்பே ஓசியில் கொடுத்திருந்தார்கள்!

வணக்கம் மக்களே. மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். ஆண்களுக்கென்று விற்கிற சாமான்கள், அவற்றைச் சுற்றி வந்த குறும் வீடியோக்கள், படங்கள் பற்றித்தான் இன்றைக்குக் கதை. வாசனைத் தண்ணீரும் வரும், ஆனால் கதாநாயகன் ரேசர்தான். தாடி வளர்க்கிற தம்பிமாரும் இருங்கள், ஓரம் ஒதுக்க உங்களுக்கும் பிளேட் வேண்டும்.

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், வேகமாக.)

வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கிங் காம்ப் ஜில்லெட் என்பவர் போத்தல் மூடிக் கம்பனி ஒன்றில் ஊர் ஊராகப் போய் விற்கிறவர். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அவருக்கு ஒரு யோசனை சொன்னாராம்: சனம் பாவித்துவிட்டு எறிகிற சாமானாகக் கண்டுபிடி, திரும்பத் திரும்ப வாங்க வருவார்கள். 1901இல் கம்பனி தொடங்கியது. 1903இல் விற்றது மொத்தமே 51 ரேசர், 168 பிளேட். அடுத்த வருடம் ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசே 3.5 மில்லியன் ரேசர் வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. போர் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். வரலாறு முடிந்தது.

இல்லை, ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. டியூசனில் கொமர்ஸ் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ‘ஜில்லெட் ரேசரைச் சும்மா கொடுத்துவிட்டுப் பிளேட்டில் இலாபம் எடுத்தார்’ என்று. ஆரம்பத்தில் அப்படி நடக்கவேயில்லை. முதல் ரேசரின் விலை 5 டொலர். அன்றைய தொழிலாளி ஒருவருக்கு அது பல நாள் கூலி. காப்புரிமை கையில் இருந்த வரைக்கும் விலையை இறுக்கிப் பிடித்துத்தான் விற்றார்கள். 1921இல் காப்புரிமை முடிந்து, மற்றவர்களும் அதே மாதிரி ரேசர் செய்யலாம் என்ற நிலை வந்த பிறகுதான் மலிவு ரேசர்களை இறக்கினார்கள். போட்டி வந்தால்தான் முதலாளிக்கு இரக்கம் வரும், அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

இனி என்னால் சிரிக்காமல் சொல்ல முடியாத பகுதி.

மாக் 3 வந்ததா, போட்டிக் கம்பனி ஷிக் சும்மா இருக்குமா? 2003இல் நான்கு பிளேட். பெயர் குவாட்ரோ. 2004இல் ‘த ஆனியன்’ என்ற நையாண்டிப் பத்திரிகை, ஜில்லெட் தலைவரே எழுதியது போல ஒரு கட்டுரை போடுகிறது. மனிதர் கோபத்தில் கொதிக்கிறார். கெட்ட வார்த்தைகளை வடிகட்டினால் மிஞ்சுவது இதுதான்: அவன் நான்கு போட்டானா, நாங்கள் ஐந்து போடுகிறோம்! வாசித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 2005இல் ஜில்லெட் ஒரு புது ரேசரை அறிவித்தது. பியூஷன். எத்தனை பிளேட்?

(திரையில்: ஐந்து விரல்கள்.)

ஐந்து. அது போதாதென்று ரேசரின் முதுகுப்பக்கத்தில் ஓரம் ஒதுக்க இன்னொரு பிளேட் வேறு. கலியாண வீட்டில் இரண்டு சித்தப்பாமார் போட்டிக்கு மொய் எழுதுகிற மாதிரிப் போய்விட்டது கதை. இந்தக் கம்பனிகளுக்கு ஆராய்ச்சிக்கூடமே தேவையில்லை, நகைச்சுவை எழுதுகிற நான்கு பேரை வேலைக்கு வைத்தால் போதும் என்பது என்னுடைய தாழ்மையான கருத்து. உடன்படுகிறவர்கள் ஒரு லைக் தட்டுங்கள்.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் 2012 மார்ச்சில் ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றை யூடியூபில் போட்டார். மைக்கல் டூபின். கம்பனி டொலர் ஷேவ் கிளப். களஞ்சிய அறை ஒன்றுக்குள் நடந்தபடியே, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கதைக்கிறார்: உங்கள் ரேசருக்கு அதிர்கிற பிடி எதற்கு, டோர்ச் லைட் எதற்கு, பத்துப் பிளேட் எதற்கு? உங்கள் அப்பப்பா ஒரே ஒரு பிளேட்டில்தானே சேவ் எடுத்தார்? மொத்தச் செலவு சுமார் 4,500 டொலர். இணையத்தளம் படுத்துவிட்டது, முதல் இரண்டு நாளில் 12,000 ஓடர். 2016இல் யூனிலீவர் அந்தக் கம்பனியைச் சுமார் 1 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஊரில் வீடியோ எடுக்கிற பொடியன்மார் கமரா விலையைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு, இந்த வீடியோவில் வசனம் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். வரிக்கு வரி பகிடி, ஆனால் மாதம் ஒரு டொலர் என்ற விலை மட்டும் மனதில் நிற்கும்.

அதைவிடப் பெரிய பகிடி எது தெரியுமா? பத்துப் பிளேட் எதற்கு என்று கேட்டவர் விற்ற உச்ச ரேசரில் ஆறு பிளேட்! ஜில்லெட்டையே ஒன்றால் முந்திவிட்டார். அதுவும் சொந்தமாகச் செய்ததல்ல, கொரியாவின் டோர்கோ கம்பனியிடம் வாங்கி விற்றது.

வாசனைப் பக்கம் ஒரு எட்டுப் போய் வருவோம். 2010இல் ஓல்ட் ஸ்பைஸ் விளம்பரம் ஒன்று உலகத்தைக் கலக்கியது. ஐசாயா முஸ்தாபா துவாயோடு குளியலறையில் நிற்பார், கண் இமைப்பதற்குள் படகில் நிற்பார், முடிவில் குதிரை மேல் இருப்பார். எல்லாம் ஒரே ஷொட். கான் விளம்பர விழாவில் அந்த வருடம் திரைப்பட விளம்பரப் பிரிவின் உச்சப் பரிசும் அதற்குத்தான். ஆனால் கெட்டிக்காரத்தனம் குதிரையில் இல்லை. ஆண்கள் குளிக்கிற சாமானை விற்க, அவர் கதைப்பது பெண்களோடு! வாங்குகிற கை யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நம் வீடுகளிலும் சவர்க்காரம் எது என்று முடிவெடுப்பது யார்? வாயைத் திறந்து சொல்லத் தேவையில்லை, கொமென்டில் எழுதுங்கள். இன்னொன்று: 1937இல் ஓல்ட் ஸ்பைஸ் முதன்முதலில் வந்ததே பெண்களுக்குத்தான். ஆண்களுக்கு அடுத்த வருடம் வந்தது.

2019இல் ‘ஆண்கள் இன்னும் நல்லவர்களாக இருக்கலாம்’ என்று ஜில்லெட் ஒரு குறும்படம் போட்டது. சொன்ன விசயம் சரி. ஆனால் பிளேட் விற்கிறவர் புத்தி சொன்னால் சனம் கேட்குமா? டிஸ்லைக் மழையாகக் கொட்டியது.

சேவ் எடுப்பதை மட்டுமே வைத்து ஒரு படம் உண்டா? உண்டு. 1967இல் இளைஞராக இருந்த மார்ட்டின் ஸ்கோர்செசி எடுத்த ‘த பிக் ஷேவ்’. ஏறக்குறைய ஆறு நிமிடம். வெள்ளை வெளேர் என்ற குளியலறையில் ஒருவர் சேவ் எடுக்கிறார், முகம் துப்புரவானபிறகும் நிறுத்துகிறாரில்லை, இரத்தம் வழிய வழிய எடுத்துக்கொண்டே போகிறார். வியட்நாம் போரைச் சொல்கிற படம். சோறு தின்றுகொண்டு பார்க்க வேண்டாம்.

(திரையில்: கிணற்றுக்கட்டு. ஒரு பேணி தண்ணீர்.)

இப்போது நம்முடைய பக்கம் வருவோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் விடியற்காலையில் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கிணற்றுக்கட்டில் ஒரு பேணி தண்ணீர். மரக்கொப்பில் செருகிய கண்ணாடித் துண்டு. நுரையோடு ஒரு இழுவை, ரேசரைப் பேணிக்குள் விட்டு இரண்டு ஆட்டு, விளிம்பில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. குழாய் இல்லை, ஓடுகிற தண்ணீர் இல்லை.

இதைத்தான் ஜில்லெட் பார்க்கத் தவறியது. 2002இல் இந்தியாவுக்கென்று வெக்டர் என்ற ரேசரைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவுக்குப் போய்ச் சோதிக்கவில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படிக்கிற இந்திய மாணவர்களிடம் கொடுத்துக் கேட்டார்கள். ‘அருமை’ என்றார்கள். ஏன் சொல்லமாட்டார்கள், அவர்கள் அறையில் குழாய் இருக்கிறதே! இந்தியாவில் சாமான் படுத்துவிட்டது. நான்கைந்து நாள் வளர்ந்த தடித்த முடி, ஒரு கோப்பைத் தண்ணீர். பிளேட்டுக்குள் முடி அடைத்துக்கொண்டால் கழுவ வழியில்லை.

பிறகுதான் புத்தி வந்து ஆட்களை அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய், இருட்டில் தரையில் குந்தியிருந்து சேவ் எடுக்கிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள், சுமார் 3,000 மணித்தியாலம். கண்டது என்ன? மொழுமொழு என்று வர வேண்டும் என்று யாரும் தவம் கிடக்கவில்லை, வெட்டாமல் இருந்தால் போதும். 2010இல் வந்தது கார்ட். மாக் 3இல் 25 பாகங்கள் இருக்க, இதில் 4தான். முடி இலகுவாகக் கழுவுப்படும். ஆணியில் தொங்கவிடப் பிடியில் ஒரு ஓட்டைகூட வைத்தார்கள். அப்போதைய விலை இந்திய ரூபாயில் 15, மாற்றுப் பிளேட் 5.

எத்தனை பிளேட் என்று கேட்கமாட்டீர்களா?

(திரையில்: ஒற்றை விரல்.)

ஒன்று! மூன்று, ஐந்து என்று ஏறிப் போன அதே கம்பனி, ஒரு கோப்பைத் தண்ணீருக்கு முன்னால் ஒன்றுக்கு இறங்கி வந்தது. விற்பனையும் அள்ளியது. இந்த வீடியோவிலே எனக்குப் பிடித்த சாமான் இதுதான். ஐந்து பிளேட் வைக்க மூளை வேண்டும், ஒன்றோடு நிறுத்தப் போய்ப் பார்க்கிற பொறுமை வேண்டும்.

சலூன்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். பிளேட்டைக் கடதாசி உறையோடு சேர்த்துப் பிடித்து நடுவில் டக் என்று உடைத்து, பாதியை மடக்குப் பிடிக்குள் செருகி, உங்கள் தொண்டைக்குழியில் வைப்பார்கள். முடிவில் சீனக்காரக் கட்டியால், அதுதான் படிகாரம், ஒரு தேய். கணக்குப் பார்த்தால் அரைப் பிளேட்!

உங்கள் வீட்டில் எத்தனை பிளேட் ஓடுகிறது? காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், எந்த ஊர் என்றும் சேர்த்துக் கொமென்டில் போடுங்கள். ஆறு பிளேட் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் விலையையும் எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து அழுவோம். அடுத்த வீடியோ வாசனைத் தண்ணீர் பற்றி. சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டுப் போங்கள்.