வெளிநாட்டில் பைக் ஓட்டுகிறீர்களா? கம்ப்ரிஹென்சிவ் காப்பீடு கிடைக்கும் வழி

வணக்கம். வேலைக்கோ படிப்புக்கோ வேறொரு நாட்டில் போய்த் தங்கி, அங்கேயே ஒரு பைக் வாங்கி ஓட்டுகிறவர்களுக்கான வீடியோ இது. வண்டி திருடு போனாலும், நாமே விழுந்து நொறுக்கிக்கொண்டாலும் பணம் தருகிற கம்ப்ரிஹென்சிவ் பாலிசி வேண்டும் என்று கேட்டால், ஒரு கம்பெனி "வெளிநாட்டவருக்குத் தருவதில்லை" என்கிறது. இன்னொன்று "பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான்" என்கிறது, அதாவது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு. வேறொன்று பதிலே போடுவதில்லை. ஏன் இப்படி, எந்த வழியில் போனால் கிடைக்கும், கிடைத்த பாலிசி கிளெய்ம் நேரத்தில் நிற்குமா என்று பார்க்கலாம்.

முதலில், சட்டப்படி கட்டாயமான காப்பீடு எதுவரை வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இது நாட்டுக்கு நாடு மாறுகிறது.

(திரையில்: உலக வரைபடம். ஜப்பான், தாய்லாந்து, பிரிட்டன், நியூசிலாந்து ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

ஜப்பானில் கட்டாயக் காப்பீட்டின் பெயர் ஜிபாய்செகி. உங்கள் வண்டியால் ஒருவருக்கு அடிபட்டாலோ உயிர் போனாலோ மட்டும்தான் அது பணம் தரும். நீங்கள் இடித்த காருக்கு ஒரு யென்கூட வராது. தாய்லாந்தின் கட்டாயக் காப்பீடான போ ரோ போவும் மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான். பிரிட்டனில் கட்டாயத் தேர்ட் பார்ட்டியில் அடுத்தவர் உடைமையும் அடங்கும். நியூசிலாந்தில் தேர்ட் பார்ட்டி காப்பீடே கட்டாயமில்லை. விபத்தில் அடிபட்டவர்களின் சிகிச்சையை ஏசிசி என்ற அரசு அமைப்பு பார்த்துக்கொள்கிறது, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் சேர்த்து. ஆனால் இடித்த காரின் செலவு உங்கள் தலையில். ஆகவே "இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், எந்த இன்ஷூரன்ஸ் என்று கேளுங்கள். இந்த நான்கிலுமே உங்கள் வண்டிக்கு எதுவும் கிடையாது.

சரி, கம்பெனிகள் ஏன் தயங்குகின்றன? பைக்கை இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்றிவிடலாம். நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே கண்ணாடி, லீவர், இண்டிகேட்டர், ஃபேரிங் என்று ஒரே நேரத்தில் நான்கைந்து பாகங்கள் போகும். பிரீமியமோ காரை விடக் குறைவு. இதோடு நீங்கள் வெளிநாட்டவர் என்றால், அந்த ஊரில் நீங்கள் எத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓட்டினீர்கள் என்ற பதிவு அவர்களிடம் இல்லை. எப்போது கிளம்புவீர்கள் என்றும் தெரியாது. அவர்கள் கேட்பதெல்லாம் காகிதம். உங்களை அடையாளம் காட்டும் காகிதங்களை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் பாதிக் கதவுகள் திறந்துவிடும்.

அதில் முதல் காகிதம் லைசென்ஸ். இந்த வீடியோவில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமென்றால் இதுதான் நிற்க வேண்டும்: செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் எடுத்த கம்ப்ரிஹென்சிவ் பாலிசி கிளெய்ம் நாளில் கைவிட்டுவிடும். கம்பெனி பணம் வாங்கும்போது பெரும்பாலும் லைசென்ஸைத் துருவிப் பார்க்காது. விபத்துக்குப் பிறகுதான் பார்க்கும். உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கை விரித்துவிடும். பல நாடுகளில் அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கொடுத்த பணத்தையும் உங்களிடமே வசூலிக்கும்.

(திரையில்: சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தின் உள்பக்கம். 'ஏ' கட்டம் பெரிதாகத் தெரிகிறது.)

இன்டர்நேஷனல் பெர்மிட் கையில் இருப்பவர்கள் அதைத் திறந்து, வாகன வகைகள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். 'ஏ' என்ற கட்டம்தான் மோட்டார் சைக்கிள். அங்கே முத்திரை இருக்கிறதா? 'பி'யில் மட்டும் முத்திரை இருந்தால் நீங்கள் கார் ஓட்டலாம், பைக் ஓட்ட முடியாது. இந்தப் புத்தகம் உங்கள் சொந்த நாட்டு லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. மூல லைசென்ஸில் பைக் இல்லையென்றால் இது புதிதாக எந்த உரிமையையும் தராது.

அடுத்து அட்டையில் இருக்கும் வருடத்தைப் பாருங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வந்ததா, 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி வந்ததா? முதல் வகை ஒரு வருடம் செல்லும். இரண்டாவது அதிகபட்சம் மூன்று வருடம். ஜப்பான் 1949 வகையை மட்டும் ஏற்கிறது. வியட்நாம் ஏற்பது 1968 வகையை. அமெரிக்காவில் வாங்குகிற பெர்மிட் 1949 வகை என்பதால் அது வியட்நாமில் செல்லாது. இதைத் தெரியாமல் வாடகை பைக்கில் சுற்றுகிறவர்களை நினைத்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இதெல்லாம் வந்து போகிறவர்களுக்கு. நீங்கள் அங்கே குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் ஜெர்மனியில் குடியேறிய ஆறு மாதம் வரைதான் பழைய லைசென்ஸில் ஓட்டலாம். பிரிட்டனில் அது பொதுவாக 12 மாதம். அதற்குப் பிறகு உள்ளூர் லைசென்ஸ் வேண்டும். நாள் கடந்தும் பழையதை வைத்து ஓட்டுவது, காப்பீட்டுக் கம்பெனியைப் பொறுத்தவரை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். இன்ஜின் அளவையும் பாருங்கள். ஐரோப்பாவில் ஏ1 என்றால் 125 சிசிக்குள், ஏ2 என்றால் 35 கிலோவாட் சக்திக்குள். அதற்கு மேல் போனால் முழு ஏ வேண்டும்.

இரண்டாவது காகிதம் வண்டியின் பதிவு. அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லை, விசா இன்னும் வரவில்லை என்று நண்பர் பெயரில் வாங்கிவிட்டு உங்கள் பெயரில் பாலிசி எடுத்தால், வண்டி தொலைந்த அன்று கம்பெனி கேட்கும் முதல் கேள்வி "வண்டி யாருடையது?" என்பதாக இருக்கும். பாலிசி நண்பர் பெயரில் என்றால் நஷ்டஈடும் அவருக்குத்தான் போகும்.

மூன்றாவது, நோ கிளெய்ம் போனஸ் சான்று, அதாவது கிளெய்ம் போடாமல் ஓட்டியதற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிக்கான சான்று. உங்கள் பழைய கம்பெனியிடம் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பாலிசி இருந்தது, அது மோட்டார் சைக்கிளுக்கான பாலிசியா, எத்தனை கிளெய்ம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சான்றை எல்லாக் கம்பெனியும் ஏற்காது. ஏற்கிற கம்பெனியில் பிரீமியம் நன்றாகவே குறையும்.

இனி தேடல். ஒவ்வொரு கம்பெனியின் இணையதளத்திலும் போய்ப் படிவம் நிரப்புவதில் நேரம்தான் போகும். வெளிநாட்டவரின் லைசென்ஸுக்குப் பல படிவங்களில் கட்டமே இருக்காது. பல கம்பெனிகளோடு வேலை செய்கிற சுயேச்சையான புரோக்கர் ஒருவரைப் பிடியுங்கள். யார் வெளிநாட்டவரை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு நல்ல வழி பைக் ஷோரூம். தவணையில் வண்டி விற்கும்போது கடன் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் கம்ப்ரிஹென்சிவ் கேட்பார்கள். அதனால் எந்தக் கம்பெனி பைக்குக்கு அதைத் தருகிறது என்று ஷோரூம்காரருக்கு அத்துபடி. நீங்கள் ரொக்கமாக வாங்கினாலும் அவரிடம் கேட்கலாம்.

வாங்குவதற்கு முன்பே கேளுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய வண்டிக்குப் பல கம்பெனிகள் கம்ப்ரிஹென்சிவ் தராது. மாடல், வருடம், சிசி மூன்றையும் சொல்லி விலை வாங்கிய பிறகு வண்டிக்கு முன்பணம் கொடுங்கள். முழுப் பாலிசி கிடைக்கவே இல்லையென்றால், தேர்ட் பார்ட்டியோடு தீயும் திருட்டும் சேர்ந்த நடுத்தரப் பாலிசி பல நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் டைல்காஸ்கோ எடுத்தால் திருட்டு, தீ, புயல், ஆலங்கட்டி மழை, காட்டு விலங்கின் மீது மோதுவது வரை வரும். நீங்களாக விழுந்தால் வராது. அதற்கு ஃபோல்காஸ்கோ வேண்டும்.

பாலிசி கைக்கு வந்ததும் படியுங்கள். உள்ளூர் மொழியில் இருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். ஆங்கிலப் பிரதி கொடுத்திருந்தாலும், தகராறு வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்று உள்ளேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் அது உள்ளூர் மொழிப் பிரதிதான்.

(திரையில்: கம்பெனிக்கு எழுதும் மின்னஞ்சல். கேள்விகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். இப்படி: "என் லைசென்ஸின் நகலை இணைத்திருக்கிறேன். இந்த லைசென்ஸோடு இந்த வண்டியை ஓட்டி, நானே தவறு செய்து விழுந்தால், வண்டிச் சேதத்துக்குப் பணம் தருவீர்களா? வண்டி முழுவதும் போனால் பாலிசியில் எழுதிய தொகை வருமா, அன்றைய சந்தை விலை வருமா? திருட்டுக்குத் தனி எக்ஸஸ் உண்டா? இரவில் தெருவில் நிறுத்தியிருந்தால் பிரச்சினை உண்டா? குறிப்பிட்ட பூட்டு வேண்டுமா?" இதற்கு வருகிற பதிலைப் பத்திரமாக வையுங்கள். எக்ஸஸ் என்றால் ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் உங்கள் கையிலிருந்து போகிற தொகை. அது அதிகமாக இருந்தால், சின்னச் சின்ன விழுதல்களுக்குக் கிளெய்ம் போடுவதில் அர்த்தமே இருக்காது.

உணவு டெலிவரி செய்கிறவர்கள் கவனியுங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி டெலிவரி ஓட்டத்துக்குச் செல்லாது. பகுதி நேர வேலைதானே என்று சொல்லித் தப்ப முடியாது. அதேபோல சைலன்ஸர் மாற்றினாலும் ஹேண்டில் மாற்றினாலும் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போவதானால் அதற்கும் தனியாக எழுதி வாங்க வேண்டும். ஐரோப்பாவிலும் அதைச் சுற்றியுள்ள சில நாடுகளிலும் செல்லும் கிரீன் கார்டு தேர்ட் பார்ட்டி பொறுப்புக்கான சான்று மட்டுமே. உங்கள் வண்டிக்கு அது உதவாது.

கம்ப்ரிஹென்சிவ் என்ற பெயரைப் பார்த்து மருத்துவச் செலவும் வரும் என்று நம்பிவிடாதீர்கள். அது வண்டிக்கும் மூன்றாம் நபருக்கும்தான். ஓட்டுகிறவருக்கான விபத்துக் காப்பீட்டைப் பல இடங்களில் தனியாகச் சேர்க்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் உண்டா என்று கேளுங்கள். வேலையிடத்தில் கொடுத்த மருத்துவக் காப்பீட்டில் மோட்டார் சைக்கிள் விபத்தை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று விலக்குகள் பகுதியில் தேடுங்கள். பயணக் காப்பீடுகளில் இன்னும் கறார்: குறிப்பிட்ட சிசிக்கு மேல் கிடையாது, ஹெல்மெட் இல்லையென்றால் கிடையாது, லைசென்ஸ் இல்லையென்றால் கிடையாது. கால் எலும்பு முறிந்து ஆபரேஷன் என்றால் பைக்கின் விலையை விட ஆஸ்பத்திரி பில் பல மடங்கு போகும். என்னைக் கேட்டால், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வண்டிச் சேதத்தை விட்டுவிட்டு உங்கள் சிகிச்சைச் செலவுக்கான காப்பீட்டை முதலில் எடுங்கள்.

விபத்து நடந்தால் போலீஸில் பதிவு செய்யுங்கள், வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள், சேதத்தை மதிப்பிட வரும் கம்பெனி சர்வேயர் பார்க்கும்வரை பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். மொழி தெரியாத இடத்தில் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். புரோக்கரையோ மொழி தெரிந்தவரையோ போனில் பிடித்துக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போது, வண்டியை விற்றால் பெயர் மாற்றம் முடிந்ததற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் செய்யும் விபத்துக்கு உங்கள் பெயர் இழுபடும். அப்புறம் பாலிசியை ரத்து செய்யுங்கள். மீதி மாதங்களுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்று கேளுங்கள். உள்ளூர் வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள்.