மது போதையும் மலைப்பாதையும்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் நான். இரவு நேரங்களில் போலீஸ் மெமோவுடன் அழைத்து வரப்படும் ஓட்டுநர்களைப் பரிசோதித்துச் சான்று எழுதிக் கொடுப்பது என் பணியில் ஒரு பகுதியாகவே இருந்தது. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுபவரைக் காவல்துறை எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்ததை நீதிமன்றத்தில் எப்படி நிலைநாட்டுகிறது என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நேரம்தான் என்பதை நம் மலை மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. குடித்த மது ரத்தத்திலிருந்து மணிக்கு மணி குறைந்துகொண்டே போகிறது. அது குறைந்து தீர்வதற்குள் காவலர் அதை அளந்தாக வேண்டும். அது குறைந்து தீரும்வரை ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்தாக வேண்டும்.

முதலில் காவலரின் கண்ணுக்கு எது தெரிகிறது என்று பார்ப்போம். சமவெளியின் நேர்ச்சாலையில் குடித்தவரின் வண்டி இப்படியும் அப்படியும் அலைவது தூரத்திலேயே தெரிந்துவிடும். நம் பாதைகளில் அடுத்த வளைவைத் தாண்டினால் வண்டியே கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆகவே பர்லியாரிலோ குஞ்சப்பனையிலோ நிற்கும் காவலர் வேறு அடையாளங்களைக் கவனிக்கிறார். இரண்டாவது கியரில் இறங்க வேண்டிய வண்டி, மேல் கியரில் பிரேக்கை மிதித்தபடியே வந்து நிற்க, சக்கரங்களிலிருந்து கருகல் வாடை எழுவது ஓர் அடையாளம். கொண்டை ஊசி வளைவில் எதிர்ப்பக்கத்து ஓரம் வரை அகலமாகத் திரும்புவது, ஏறி வரும் வண்டிக்கு வழிவிடும் முறையை மறந்துவிடுவது, எதிரே வெளிச்சம் தெரிந்தும் ஹெட்லைட்டைத் தாழ்த்தாமல் வருவது, மேகம் இறங்கிப் பத்தடி தூரம்கூடத் தெரியாத இடத்திலும் வேகம் குறையாமல் வருவது ஆகியவை மற்ற அடையாளங்கள். மது அருந்தியவரின் கால் தள்ளாடுவதற்கு வெகு முன்பே, ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைக் கவனிக்கும் திறனும் அடுத்து என்ன வரும் என்று நிதானிக்கும் புத்தியும் மங்கிவிடுகின்றன. மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதற்கு வேண்டியவை இவ்விரண்டும்தான் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

இந்த அடையாளங்கள் எவையும் குற்றத்தை நிரூபிப்பதில்லை. மலை ஓட்டம் பழகாத சமவெளி ஓட்டுநர் ஒரு சொட்டும் குடிக்காமலேயே இவை அனைத்தையும் செய்யக்கூடும். இவை தருவது சந்தேகத்துக்கான நியாயமான காரணத்தை மட்டுமே. அந்தக் காரணம் இருந்தால் சீருடையில் உள்ள காவலர் ஓட்டுநரை ஊதச் சொல்லலாம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவு கூறுகிறது. ஊதிய பிறகு வரும் எண்ணை 185ஆம் பிரிவு நிர்ணயித்த அளவோடு ஒப்பிட வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலி, எத்தனை வருட அனுபவம் உள்ளவர், போதை அவருக்கு ஏறியதா இல்லையா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

வாயால் ஊதும் காற்றிலிருந்து ரத்தத்தில் உள்ள மதுவை எப்படி அளக்கிறார்கள் என்று பலரும் என்னிடம் கேட்டதுண்டு. நுரையீரலின் ஆழத்தில் உள்ள நுண்ணறைகளில் ரத்தமும் காற்றும் மிக மெல்லிய ஒரு சவ்வை இடையில் வைத்துக்கொண்டு அருகருகே இருக்கின்றன. ரத்தத்தில் உள்ள மதுவில் ஒரு சிறு பங்கு அந்தச் சவ்வைக் கடந்து காற்றில் கலந்துவிடுகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் எவ்வளவு மது உண்டோ, சுமார் 2,100 மில்லி ஆழ்மூச்சுக் காற்றிலும் அவ்வளவு உண்டு என்ற கணக்கின்மேல் இந்தக் கருவிகள் அமைந்துள்ளன. அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் என்ற காவல்துறை அறிவியலாளர் 1954இல் உருவாக்கிய கருவியில், பழுப்பு மஞ்சள் நிற ரசாயனக் கரைசல் மதுவைச் சந்தித்ததும் நிறம் மாறும். இன்று காவலரின் கையில் இருக்கும் பிரீத் அனலைசரில், பிளாட்டினம் பூசிய தகட்டின்மேல் மது வினைபுரிந்து சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தின் அளவே எண்ணாகத் திரையில் தெரிகிறது.

கருவிக்கு வேண்டியது ஆழ்மூச்சின் காற்று. அதனால்தான், அடுப்படியில் ஊதாங்குழலை எடுத்து ஊதுவதைப் போல, அடிவயிற்றிலிருந்து விடாமல் சில நொடிகள் ஊத வேண்டும் என்று காவலர் வற்புறுத்துகிறார். கன்னத்தில் காற்றை அடக்கி மெல்ல விடுபவரைக் கருவியே ஏற்காமல் திருப்பிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மது வாயிலேயே தங்கியிருந்தால் எண் பொய்யாக உயரும். சற்று முன்தான் குடித்தவர், வாந்தி எடுத்தவர், மது கலந்த வாய்க்கொப்பளிப்பு மருந்தைப் பயன்படுத்தியவர் ஆகியோரைச் சுமார் 15 நிமிடம் எதையும் உண்ணாமல் குடிக்காமல் உட்காரவைத்து, அதன் பிறகு ஊதச் சொல்வதே சரியான முறை. ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழாய், உரிய கால இடைவெளியில் சரிபார்க்கப்பட்ட கருவி, தேதியும் நேரமும் பதிந்த அச்சுச் சீட்டு ஆகிய மூன்றும் இல்லாத சோதனையை நீதிமன்றத்தில் எந்த வழக்கறிஞரும் எளிதாகக் கலைத்துவிடுவார். டிசம்பர் மாதத்து உறைபனி இரவுகளில் அனுபவமுள்ள உதவி ஆய்வாளர்கள் கருவியை ஜீப்பின் முன்பலகையில் வைக்காமல் கோட்டுக்குள் வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அது சரியாக வேலை செய்யாது என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு நம்பிக்கை உண்டு. நீலகிரித் தைலத்தை மூக்கிலும் மீசையிலும் தடவிக்கொண்டு, ஏலக்காயை மென்றுகொண்டு வந்தால் தப்பிவிடலாம் என்பது அது. தைலத்தின் நெடி காவலரின் மூக்கை ஏமாற்றலாம்; நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றில் உள்ள மதுவை அது ஒரு துளியும் குறைப்பதில்லை. கட்டங்காப்பியும் குறைப்பதில்லை, மோரும் குறைப்பதில்லை, குளிர்ந்த நீரில் குளிப்பதும் குறைப்பதில்லை. மதுவை எரித்துத் தீர்ப்பது கல்லீரல். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

இதை எனக்கு ஆழமாக உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, குன்னூரிலிருந்து இறங்கும்போது தடுப்புச் சுவரில் உரசி நின்ற சுற்றுலா வேன் ஒன்றின் ஓட்டுநரைக் காவலர்கள் அழைத்து வந்தார்கள். யாருக்கும் காயமில்லை. வந்தவர் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, சலவைச் சட்டை அணிந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு சிறு தைலப்புட்டி தலைநீட்டிக்கொண்டிருந்தது. நடை சீராக இருந்தது. பேச்சிலும் குழறல் இல்லை. கருவியோ எழுபதை ஒட்டிய எண்ணைக் காட்டியிருந்தது. "டாக்டர் ஐயா, நேத்து ராத்திரி குடிச்சதுங்க. தூங்கி எந்திரிச்சுக் குளிச்சாச்சுங்க. இப்ப எப்படிங்க ஐயா அது இருக்கும்? மெசின்லதானுங்க கோளாறு," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார்.

நான் அவரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "தம்பி, எவ்வளவு குடித்தீர்கள்?" என்று கேட்டேன். ஒன்றரைக் குவார்ட்டர் என்றார். பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிவரை நடந்திருக்கிறது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுமார் 43 சதவீதம் மது. எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஒரு குவார்ட்டர் மட்டுமே ரத்த அளவை 120 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றிவிடும். ஒன்றரைக் குவார்ட்டர் 190ஐ நெருங்கும். உடல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைக்கிறது. சிலருக்குச் சற்றுக் கூடும், சிலருக்குக் குறையும். பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை எட்டு மணி நேரம். எட்டுப் பதினைந்து 120. மீதி எழுபது. கருவி காட்டியதும் ஏறத்தாழ அதுவே. அவர் தன் விரல்களில் அதைத் திரும்பவும் எண்ணிப் பார்த்துவிட்டு, சட்டப்பூர்வ அளவுக்குக் கீழே வர எத்தனை மணி ஆகும் என்று கேட்டார். காலை ஒன்பது மணி ஆகும் என்றேன். வேனில் வந்த குடும்பத்தினர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் குழந்தைகள்.

நேயர்களே, இதை நான் மறுபடியும் சொல்கிறேன். தூக்கம் களைப்பைப் போக்கும், மதுவைப் போக்காது. இரவில் லாட்ஜின் டிரைவர் அறையில் குடித்துவிட்டு, விடியலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்குபவர்களே நம் பாதைகளில் மிகுந்த ஆபத்தை விளைவிப்பவர்கள் என்பது என் உறுதியான கருத்து. இரவுச் சோதனைக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது காலை ஐந்து மணிமுதல் எட்டு மணிவரையிலான சோதனைக்குச் செலவிட வேண்டும் என்று கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறேன், இன்றும் கேட்கிறேன்.

இனி மருத்துவரின் பங்குக்கு வருகிறேன். குடிபோதைக்காகக் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவித்துவிட வேண்டும் என்று 202ஆம் பிரிவு கூறுகிறது. மண் சரிந்து பாதை அடைபட்ட ஐப்பசி மாத இரவில், கெத்தைப் பக்கத்திலிருந்து ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் காவலருக்கு இந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு குறுகியது என்பது அங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். வந்தவரிடம் நான் முதலில் பார்ப்பது மதுவை அன்று. சர்க்கரை அளவையும் தலைக்காயத்தையும்தான். சர்க்கரை தாழ்ந்தவரும் வியர்த்து, குழறி, தள்ளாடுவார். மண்டைக்குள் ரத்தம் கசிபவரிடமும் மது வாடை இருக்கலாம். வாடை இருக்கிறது என்பதற்காக மயக்கத்துக்குக் காரணம் மதுதான் என்று முடிவுகட்டினால் உயிர் போய்விடும். விபத்தில் சிக்கி உள்நோயாளியாக இருப்பவரை ஊதச் சொல்வதற்கு முன் காவலர் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும், சிகிச்சைக்குக் கேடு என்று மருத்துவர் கருதினால் மறுக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது.

அதன் பிறகே பேச்சு, நடை, கண்பாவை, கண்ணை மூடி நிற்கும்போது வரும் ஆட்டம், விரலால் மூக்கைத் தொடும் நிதானம், கையெழுத்து ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். அமெரிக்கக் காவலர்கள் கோட்டின்மேல் நடக்கச் சொல்வது போன்ற சோதனைகளைச் சாலையோரத்திலேயே செய்கிறார்கள். சரிவும் ஈரமும் நிறைந்த நம் சாலையோரங்களுக்கு அது பொருந்தாது. நல்ல ஓட்டுநரும் அங்கே தடுமாறுவார். மேலும், வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்பாவை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்ய முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பச்சுபாய் ஹசனலி கர்யானி வழக்கில் 1971ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

ரத்தம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஊசி குத்தும் இடத்தை வழக்கம்போல் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், அந்த ஸ்பிரிட்டும் மதுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆகவே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு எடுக்கிறோம். புட்டிக்குள் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கிருமிகள் புட்டிக்குள்ளேயே மதுவின் அளவை மாற்றிவிடும். சீல் வைத்து, பெயரும் நேரமும் எழுதி, குளிர்பெட்டியில் வைத்து, கையொப்பம் பெற்றுக்கொண்டுதான் காவலரிடம் ஒப்படைக்கிறோம். அங்கிருந்து அரசுத் தடயவியல் ஆய்வகம் வரை அது யார் கையில் எப்போது இருந்தது என்பதற்கு எழுத்து இருக்க வேண்டும். சோதனைக்கே உடன்பட மாட்டேன் என்று ஒருவர் மறுத்தால், தகுந்த காரணம் காட்டாதவரை அந்த மறுப்பே அரசுத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம் என்று 205ஆம் பிரிவு சொல்கிறது.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். தண்டனையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை பிடிபடுபவருக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாய், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்தைக் காவலர் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்புவார். குடித்தவரை ஓட்டத் தூண்டியவருக்கும் 188ஆம் பிரிவின்படி அதே தண்டனை உண்டு. 2022இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை உடன் பயணிப்பவர்கள் மீதும் வழக்குப் பதியப்படும் என்று அறிவித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். ஆகவே விடியற்காலையில் வேன் ஏறும் முன், இரவு எத்தனை மணிவரை குடித்தீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்கும் உரிமை பயணிகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.