நொய்யல்: சில நாள் வெள்ளம், பல மாதத் தண்ணீர்

வணக்கம். இப்போது நான் நிற்பது கோவைக்கு மேற்கே, சித்திரைச்சாவடி அணைக்கட்டில். பின்னால் தெரிவது வெள்ளியங்கிரி மலை. நொய்யல் அந்தப் பக்கத்து மலைகளில்தான் பிறக்கிறது. பழைய பெயர் காஞ்சிமாநதி. சுமார் 180 கிலோமீட்டர் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊரிலேயே காவிரியில் கலக்கிறது.

மலையில் மழை கொட்டும். கீழே கோவைப் பக்கம் மழை மறைவு. அதனால் ஆற்றில் சில நாள் வெள்ளம், மற்ற நாளெல்லாம் மணல். இதை நம்பி எப்படி வெள்ளாமை செய்தார்கள்?

கேமராவைக் கொஞ்சம் கீழே காட்டுகிறேன், பாருங்கள். ஆற்றையே மறிக்கும் பெரிய அணை இல்லை இது, தாழ்வான குறுக்குச் சுவர். தண்ணீர் இதில் முட்டி மட்டம் ஏறும். ஓரத்து மதகு வழியாக வாய்க்காலுக்குள் போகும். மிச்சம் சுவரைத் தாண்டி விழுந்து, கீழே உள்ள அடுத்த அணைக்கட்டுக்குப் போய்விடும். மேலே இருப்பவன் எல்லாவற்றையும் பிடித்து வைக்க முடியாது! வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி என்று வரிசையாகக் குளங்களை நிரப்பும். குளத்தில் நின்ற தண்ணீர் சுற்றியுள்ள கிணறுகளிலும் ஊறும். சில நாள் வெள்ளம் பல மாதத் தண்ணீரானது இப்படித்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அப்புறம், இது வணிகப் பாதையும்கூட. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கரூருக்குப் போன வழி இந்த ஆற்றை ஒட்டியது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. வடகரையில் கொடுமணல் என்ற ஊர்; சங்க நூலான பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அகழாய்வில் இரும்பு உலைகளும், தமிழி (தமிழ் பிராமி) என்ற பழைய எழுத்துள்ள பானை ஓடுகளும் வந்தன. என் மனதில் நிற்பது வேலை முடியாத கல்மணிகள்தான். சிலவற்றில் துளையே இல்லை. விற்க வந்த சரக்கு அப்படி இருக்காது; இங்கேயே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

அதே வட்டாரத்தில் 1992-இல் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காகக் கட்டினார்கள். அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே போராட வேண்டியதாயிற்று. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சரி, அடுத்த வீடியோ அந்த அணையிலிருந்துதான்.