மஞ்சள் காகிதத்துல எலுமிச்சை விட்டா ஏன் நிறம் மாறல?

தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "பொண்ணுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். மஞ்சள் தடவின காகிதத்துல எலுமிச்சம்பழச் சாறு விட்டோம், நிறம் மாறவே இல்ல. மஞ்சத்தூள் கலப்படமா?"

கலப்படம்லாம் இல்லம்மா. லிட்மஸ், அதாவது அமிலமா காரமான்னு நிறம் மாறிக் காட்டுற காகிதம், அந்த வீடியோல சொன்னதுதான், பழைய ஆளுங்க பொறுத்துக்கங்க: ஒவ்வொரு காகிதத்துக்கும் நிறம் மாற ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையை பி.எச்.னு ஒரு அளவுல சொல்வாங்க: 7 நடு, அதுக்குக் கீழ அமிலம், மேல காரம் (மிளகாய்க் காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரானது). லிட்மஸ் பி.எச். 4.5க்கும் 8.3க்கும் நடுவுல மாறும். மஞ்சளுக்கு ஏழரை தாண்டணும். எலுமிச்சை 2 கிட்ட, தண்ணி 7. மஞ்சளுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அசையாது. காரம் பட்டாதான் சிவக்கும். ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் வருதே, அந்தச் சிவப்பு.

அப்போ இதை வெச்சு அமிலம் பாக்க முடியாதா? முடியும். முதல்ல காகிதத்தைச் சிவக்க வெச்சுடுங்க. அரை டம்ளர் தண்ணியில ஒரு சிட்டிகை சலவை சோடா, அதுல முக்கி எடுத்து நிழல்ல காய வைங்க. இப்போ எலுமிச்சை ஒரு சொட்டு வைங்க, பட்ட இடம் மஞ்சளாயிடும். ஆப்ப சோடா வேணாம், அது 8.3 கிட்டதான் நிக்கும், மங்கலான ஆரஞ்சுதான் வரும். சலவை சோடாவையும் அள்ளிப் போட்டுடாதீங்க. காகிதத்துல காரம் நிறைய ஏறிட்டா மோர் மாதிரி லேசான புளிப்பால அதைத் திருப்ப முடியாது. உடனே "மோர்ல அமிலமே இல்ல"ன்னு நோட்டுல எழுதிடுவாங்க.

காகிதம் செய்யறப்போ மஞ்சளைத் தண்ணியில குழைக்காதீங்க, அதுல சரியா கரையாது, திட்டுத்திட்டா நிக்கும். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் 20 மில்லியில அரை ஸ்பூன் போட்டுக் கலக்குங்க, பத்து நிமிஷம் தெளிய விடுங்க, மேல நிக்கிறதுல ஃபில்டர் பேப்பரை முக்குங்க. அடுப்பு பக்கத்துல இருக்கக் கூடாது. வெயில்ல காய வெச்சா நிறம் வெளுத்துடும். நோட்டுத்தாளும் சரிப்படாது, நிறைய தாள்ல சுண்ணாம்புக் கல் பொடி சேர்த்திருப்பாங்க, அது பாதி அமிலத்தைக் குடிச்சிடும்.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன், எனக்கு அதுதான் புடிச்சது. மஞ்சளைச் சிவக்க வைக்கிற அமிலம் ஒண்ணு இருக்கு! நம்ம வடசென்னையில கேரம் போர்டு இல்லாத தெரு ஏது? அந்தப் பவுடர் நிறைய போரிக் அமிலம்தான். டப்பாவுல பாத்துக்கங்க, சிலது வெறும் மாவு. அதைத் தண்ணியில கரைச்சு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு சேர்த்து, மஞ்சள் காகிதத்தை முக்கணும். இது ஸ்கூல் லேப்ல, வாத்தியார் பக்கத்துல இருக்கறப்போ மட்டும். ஈரத்துல ஒண்ணும் தெரியாது. காயக் காய செம்பழுப்பு ஏறும். இது காரத்தால வந்த சிவப்பு இல்ல, போரிக் அமிலத்துல இருக்கிற போரான் போய் மஞ்சளோட ஒட்டிக்கிட்ட சிவப்பு. சந்தேகமா? சலவை சோடாக் கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. சாதாரண சிவப்பு அப்படியே நிக்கும், இது பச்சைக் கருப்பா மாறும்.