வெள்ளை மாளிகையில் ஒரு காய்கறி பர்கர்

நேயர்களுக்கு வணக்கம். தலைவர்கள் கேமரா முன்னால் ஹாம்பர்கருக்குப் பதில் ஒரு காய்கறி பர்கரைச் சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்லவந்தது.

1955 செப்டம்பர் 23. அமெரிக்க அதிபர் ஐசனோவர் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரில் விடுமுறையில் இருந்தார். அன்று பகல் முழுக்க கோல்ஃப் விளையாட்டு. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஹாம்பர்கர், அதற்குள் தடிமனாக நறுக்கிய பச்சை வெங்காயம். பிற்பகலில் நெஞ்சு கரித்தது. வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிட்டார். நள்ளிரவு தாண்டி, மாமியார் வீட்டில் படுத்திருந்தவருக்கு நெஞ்சுவலி வந்தது. பத்திரிகைக்காரர்களிடம் முதலில் சொன்னது வயிற்றுக் கோளாறு என்றுதான். மாரடைப்பு என்று தெரிந்தபிறகு, திங்கட்கிழமை நியூயார்க் பங்குச் சந்தை ஆறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

அந்த ஒரு ஹாம்பர்கர்தான் மாரடைப்பைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவர் பல வருஷம் ஒரு நாளைக்கு நான்கு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். ஆனாலும் இதய நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறவள் என்பதால், இந்தச் சம்பவத்தை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை. நெஞ்சில் வலி வந்தால் 'கேஸ்' என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதிபரும் அதையேதான் செய்திருக்கிறார்.

ஹாம்பர்கர் அமெரிக்காவில் ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லாத சாப்பாடு. 1921இல் கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரில் ஒயிட் காசில் கடை தொடங்கியபோது ஒரு ஹாம்பர்கர் ஐந்து சென்ட். தட்டு வேண்டாம், முள்கரண்டி வேண்டாம். கொத்திய மாட்டிறைச்சியைக் கட்லெட் மாதிரி தட்டி, கல்லில் வாட்டி, பன்னுக்குள் வைத்துக் கையில் கொடுப்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிற தலைவருக்கு இதைவிட வசதியான சாப்பாடு வேறு இல்லை. இரண்டு கையாலும் பிடித்து ஒரு கடி கடித்தால், 'நானும் உங்களில் ஒருவன்' என்று வாயால் சொல்லவே வேண்டாம்.

ஒபாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூனில் ரஷ்ய அதிபர் மெத்வெதேவ் வந்தபோது, வெள்ளை மாளிகையிலிருந்து ஆற்றைக் கடந்து ஆர்லிங்டனில் ஒரு சாதாரண ஹாம்பர்கர் கடைக்கு அழைத்துப் போனார். இருவரும் ஒரே உருளைக்கிழங்கு வறுவலைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். 2017 நவம்பரில் டிரம்ப் ஜப்பான் போனபோது பிரதமர் ஷின்சோ அபே அவருக்கு முதல் நாள் மதியம் கொடுத்ததும் அமெரிக்க மாட்டிறைச்சியில் செய்த ஹாம்பர்கர்தான். 2019 ஜனவரியில் அரசு முடக்கத்தால் வெள்ளை மாளிகைச் சமையல்காரர்கள் பலர் வேலையில் இல்லை. கல்லூரி ஃபுட்பால் சாம்பியன்களான கிளெம்சன் அணிக்கு டிரம்ப் கடையிலிருந்து வாங்கிவந்த ஹாம்பர்கர்களை மலைபோல் அடுக்கிவைத்தார். வெள்ளித் தட்டுகள், மெழுகுவர்த்திகள், நடுவே அட்டைப்பெட்டிகள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் மோசம். 1990 மே மாதம், மாடுகளுக்குப் பைத்திய நோய் பரவிக்கொண்டிருந்த நேரம். வேளாண்மை அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன்னால் தன் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டி, தானும் சாப்பிட்டுக் காட்டினார். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டத்தான். 1996 மார்ச்சில் அந்த நோய்க்கும் மனிதர்களுக்கு வந்த ஒரு மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டன் அரசே ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் மட்டும் 170க்கும் மேற்பட்டவர்கள் அந்த நோயில் இறந்தார்கள். ஒரு தலைவர் கேமரா முன்னால் என்ன சாப்பிடுகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் இல்லை என்பதற்கு இதுவே எனக்குப் போதும்.

சரி, கிளின்டனுக்கு வருகிறேன். இந்தப் பேச்சுக்கே காரணம் அவர்தான். ஆர்கன்சாஸ் ஆளுநராக இருந்த நாட்களில் லிட்டில் ராக் தெருக்களில் காலையில் ஓடுவார். ஓட்டம் மெக்டொனால்ட்ஸில் போய் முடியும். 1993இல் அவர் அதிபரானதும், உணவுமுறையால் இதய நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று ஆராய்ச்சி செய்த டாக்டர் டீன் ஆர்னிஷை ஹிலாரி கூப்பிட்டார். வெள்ளை மாளிகைச் சமையல்காரர்களோடு சேர்ந்து கொழுப்புக் குறைந்த சமையலைக் கொண்டுவரச் சொன்னார். சோயா பர்கரும் அந்தச் சமையலறைக்குள் அப்போதே வந்துவிட்டது. ஆனால் ஊர் பார்த்தது அதை இல்லை. ஊர் பார்த்தது ஹாம்பர்கர் கடிக்கிற கிளின்டனைத்தான்.

2004 செப்டம்பரில், 58 வயதில், அவருக்கு நான்கு பைபாஸ் செய்தார்கள். 2010 பிப்ரவரியில் மறுபடி அடைப்பு, இரண்டு ஸ்டென்ட். அதற்குப் பிறகுதான் மாறினார். பருப்பு, பயறு, காய்கறி, பழம் என்று சாப்பிட ஆரம்பித்து, அந்த வருஷம் ஜூலையில் மகள் கல்யாணத்துக்குள் கிட்டத்தட்ட பத்து கிலோ எடை குறைத்தார். அவர் மாறியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வருத்தம் என்னவென்றால், பதவி முடிந்து ஒன்பது வருஷம் கழித்து மாறினார். பதவியில் இருந்த எட்டு வருஷத்தில் ஒரே ஒரு முறை, தெருவோரக் கடையில், கேமராக்கள் சுற்றி நிற்க, ஒரு காய்கறி பர்கரைக் கடித்திருந்தால்?

அமெரிக்காவில் அப்படிச் செய்வது லேசான காரியம் இல்லை, தெரியும். 2021 ஏப்ரலில், பைடனின் பருவநிலைத் திட்டம் மக்களை மாதத்துக்கு ஒரு ஹாம்பர்கரோடு நிறுத்தப்போகிறது என்று ஒரு பொய்ச் செய்தி பரவியது. ஒரு பல்கலைக்கழக ஆய்வில் இருந்த கணக்கை எடுத்து, சம்பந்தமே இல்லாமல் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஹாம்பர்கரைப் பிடுங்கப்போகிறார்கள் என்றால் அங்கே ஓட்டு ஆடிப்போகும். அதனால்தான் சட்டம் வேண்டாம் என்கிறேன். தலைவர் தானாக விரும்பிச் சாப்பிட்டுக் காட்டினால் போதும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மாட்டிறைச்சிப் பேச்சு என்றாலே, அதைச் சாப்பிடுகிறவர்களை இழிவுபடுத்தும் பேச்சாகப் போய்விடுகிறது. அதற்கு நான் துணை போகமாட்டேன். மதமும் சாதியும் என் வாதத்தில் இல்லை. நான் பேசுவது ரத்தக்குழாயைப் பற்றி, அப்புறம் காற்றைப் பற்றி.

உலகத்தில் மனிதர்களால் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாடுகளிடமிருந்து. மாடு அசைபோடும்போது அதன் வயிற்றில் மீத்தேன் என்கிற அப்படிப்பட்ட ஒரு வாயு உண்டாகிறது. பட்டாணிக்கும் சோயாவுக்கும் அந்த வேலை இல்லை. உடம்பைப் பொறுத்தவரை, 2020இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எட்டு வாரம் இறைச்சி, எட்டு வாரம் தாவர இறைச்சி, அதாவது இறைச்சி மாதிரியே தாவரங்களிலிருந்து செய்தது. தாவர இறைச்சி சாப்பிட்ட வாரங்களில் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது. பணம் கொடுத்தது தாவர இறைச்சி நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நோயாளியிடம் பாதியை மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அதே நேர்மையோடு இன்னொன்று. கடையில் விற்கிற தாவர பர்கர் எல்லாம் மருந்து இல்லை. இறைச்சியின் ருசி வரவேண்டும் என்று சிலவற்றில் தேங்காய் எண்ணெய் சேர்க்கிறார்கள், உப்பும் கூடுதல். சிலவற்றில் ஒரு துண்டிலேயே 350 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சொல்வதே 2,000. மேலே சீஸும் சாஸும் போட்டால் கணக்கு எங்கே போகும்? வாங்குவதற்கு முன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வீட்டில் செய்வதுதான் எனக்குப் பிடித்தது. ராஜ்மாவை இரவே ஊறவைத்து, குக்கரில் நன்றாக வேகவிட்டு, தண்ணீரை வடித்து மசித்துக்கொள்ளுங்கள். துருவிய பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகு, சீரகம், ஒரு கைப்பிடி ஓட்ஸ். ஆறு கட்லெட்டுக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். தட்டி, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் உடையாது. தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் இரண்டு பக்கமும் சிவக்கவிடுங்கள். பன்னையும் கல்லில் லேசாக வாட்டிக்கொள்ள மறந்துவிடாதீர்கள்; இல்லாவிட்டால் தக்காளிச் சாறு ஊறிப் பிய்ந்துவிடும்.

நன்றி, வணக்கம்.